ஹேஷ்டேக் கம்பெனி கேட்டைத் தாண்டுமா?

2023 ஜனவரி கடைசியில் ஒரு வீடியோ திருப்பூரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. அனுப்பர்பாளையம் பக்கம், வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் காட்சி. பார்த்தவர்கள் ஊரே கைமாறிப் போய்விட்டது என்கிற அளவுக்குப் பேசினார்கள். விசாரித்த போலீஸ், சிகரெட் புகையை ஒட்டி மூண்ட வாய்த்தகராறு அது, வீடியோ பரவுவதற்குப் பல நாள் முன்பே நடந்து முடிந்தது என்று விளக்கம் தந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மார்ச் முதல் வாரத்தில் அடுத்த வீடியோக்கள் கிளம்பின. இந்தமுறை திசை தலைகீழ். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித்தேடி வெட்டுகிறார்கள் என்று அவை சொல்லின. வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்த அடிதடிகளின் காட்சிகளுக்குப் புதிய தலைப்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஹோலி மார்ச் 8. திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நின்றவர்களில் பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து ஓடுகிறவர் யார் என்று பிரித்தறிய முடியாத நிலை. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கும் கோவைக்கும் வந்தது. பொய் வீடியோ பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார்.

இரண்டு முறையும் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளிக்காகவோ ஊருக்காகவோ நியாயம் கேட்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். கோபம் உண்மையானது, பொருள்தான் பொய். அதை ஆற்றியது எது என்று பார்த்தால், எதிர்ப்பதிவு ஒன்றும் பெரிதாக உதவவில்லை. மாவட்ட நிர்வாகம் உதவி எண் அறிவித்தது. இந்தி தெரிந்தவர்களை அழைத்துக்கொண்டு போலீசாரும் அதிகாரிகளும் பனியன் கம்பெனிகளுக்குள்ளும் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கும் நேரில் போனார்கள். பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் தொழிலாளர்களோடு அவர்கள் மொழியில் பேசினார்கள். அந்தத் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போன் போட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்ன பிறகுதான் பயம் தணிந்தது. வதந்தி போனில் வந்தது போலவே உண்மையும் போனில்தான் போனது. ஆனால் அதற்கு முன்னால் யாரோ ஒருவர் கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே போகவேண்டியிருந்தது.

இணையத்தில் குரல் கொடுப்பது பெரிதா, களத்தில் இறங்குவது பெரிதா என்ற பழைய வழக்கை இந்தக் கட்டுரை மறுபடி விசாரிக்கப் போவதில்லை. திருப்பூரின் பின்னலாடை, சுமார் ஆறு லட்சம் பேருக்கு வேலை தரும் தொழில். இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்த சில போராட்டங்களை வரிசையாக வைத்து, எது எதனால் நகர்ந்தது என்று பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப முன்னே வருகிறது: சத்தம் அடங்கிய மறுநாள், சொன்னது நடக்கிறதா என்று உள்ளே நின்று பார்க்கப் போகிறவர் யார், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

முதலில் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. பின்னலாடை ஏற்றுமதி 1980களில் பெருகத் தொடங்கியதும் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் ஆற்றின் இரு கரையிலும் முளைத்தன. பருத்தித் துணியில் சாயம் ஒட்டிக்கொள்ள உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயத்தின் பெரும்பகுதி நூலோடு தங்கிவிடும். உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாத உப்பை எடுப்பதுதான் கடினமும் செலவும். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடித்த பாசன அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் தண்ணீர் திறந்துவிடக் கேட்கவேண்டியவர்கள். அவர்களோ, திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலைக்கு வந்தார்கள். கிணறுகள் உப்புக்கரித்தன. ஆடு மாடு குடிக்க மறுத்த தண்ணீரை வைத்துக்கொண்டு எந்தப் பயிர் செய்வது?

கரூர்ப் பக்கத்து நொய்யல் கால்வாய் விவசாயிகள் 1996இல் உயர் நீதிமன்றம் போனார்கள். சுத்திகரிப்பு வசதி இல்லாத பட்டறைகள் இயங்கக்கூடாது என்று 1998இல் உத்தரவு வந்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, நிறம் குறைந்தது, உப்பு அப்படியே இருந்தது. 2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் மறுபடி வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை அடையவேண்டும் என்று காலக்கெடு வைத்தது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதத்தையும் விதித்தது. சூழல் இழப்பு ஆணையம் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டிருந்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. சங்கம் அவமதிப்பு வழக்கோடு திரும்ப வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மின் இணைப்பைத் துண்டித்து மூடச்சொல்லி உத்தரவானது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

முதல் வழக்குக்கும் அந்த மூடலுக்கும் இடையே 15 ஆண்டுகள். அந்தப் பதினைந்தில் பெரும்பகுதி ஃபேஸ்புக் இந்தக் கிராமங்களை எட்டாத காலம். விவசாயிகள் கையில் இருந்தவை மிகச் சாதாரணமானவை: உறுப்பினர் பெயர்ப் பதிவேடு கொண்ட ஒரு சங்கம், கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவுகள், தேதி போட்ட புகைப்படங்கள், வாய்தா தவறாமல் நீதிமன்றத்துக்குப் போய்வர ஊரில் திரட்டிய காசு. ஒரு உத்தரவு மீறப்பட்டபோது அவர்கள் இன்னொரு உத்தரவு கேட்டுப் போனார்கள். எத்தனை உத்தரவு வாங்கினாலும் மீறப்படும் என்று அலுத்து உட்காரவில்லை என்பதுதான் இந்த வழக்கின் சாரம். நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவுக்கு நிலையங்களுக்குள் போய்ப் பார்க்கும் உரிமை இருந்ததும் முக்கியம். மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தந்தது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கருவிகளும் வந்தன. தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது திருப்பூரின் தொழில் வழக்கமாகவே ஆனது. இன்று ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு பையரிடம் பெருமையோடு சொல்லும் ஜீரோ டிஸ்சார்ஜ், அந்த விவசாயிகள் அவர்கள் மீது திணித்தது. இதைத் திருப்பூர் மறக்கக்கூடாது.

அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. பட்டறைகள் மூடிய மாதங்களில் கூலிக்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு யாரும் இழப்பீடு கணக்கிடவில்லை. சாய வேலையின் ஒரு பகுதி வேறு மாவட்டங்களுக்கு நகர்ந்து அங்குள்ள நீர்நிலைகளைப் பதம் பார்த்தது. விவசாயிகளின் சங்கமும் தொழிலாளர்களின் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆறும் பிழைக்கவேண்டும் கூலியும் நிற்கக்கூடாது என்று ஒரு பொதுக் கோரிக்கை எழுதியிருந்தால் அந்தப் பதினைந்து ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இனி இணையத்துக்கு வருவோம். திரையில் விரல் தட்டுவது செயலைப் பெருக்குகிறதா, செயலின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறதா என்பது குறித்து ஆய்வுகள் உண்டு. சூடானின் டார்ஃபூர் மக்களுக்காக ஃபேஸ்புக்கில் திரண்ட ஒரு பெரும் குழுவின் பதிவுகளைக் கெவின் லூயிஸ், கர்ட் கிரே, ஜென்ஸ் மையர்ஹென்ரிக் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12 லட்சம் உறுப்பினர்களில் 99.76 விழுக்காட்டினர் ஒரு காசும் தரவில்லை. 72 விழுக்காட்டினர் இன்னொருவரைக்கூட உள்ளே அழைத்து வரவில்லை. அதே ஆண்டு கிறிஸ்டாஃபர்சனும் இரு சக ஆய்வாளர்களும் செய்த சோதனைகள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டின. ஆதரவைப் பிறர் பார்க்கக் காட்டியவர்கள், பிறகு நேரமோ பணமோ கேட்டபோது பின்வாங்கினார்கள். யாருக்கும் தெரியாமல் ஆதரவு காட்டியவர்கள் முன்வந்தார்கள். நல்லவன் என்ற பெயர் முதலிலேயே கிடைத்துவிட்டால் மேற்கொண்டு செய்ய உந்துதல் குறைகிறது. மறுபக்கமும் உண்டு. துருக்கியின் கெஸி பூங்காப் போராட்டம் முதலியவற்றின் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்த பார்பெராவும் குழுவினரும் 2015இல் சொன்னது: ஒரே ஒருமுறை பகிர்ந்துவிட்டுப் போன ஓரத்து மனிதர்களைக் கழித்துவிட்டால், மையத்தில் இருந்த போராளிகளின் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது.

இவை முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. தட்டுகிறவரின் மனதைப் பற்றி முதலிரண்டும், குரல் போகும் தூரத்தைப் பற்றி மூன்றாவதும் பேசுகின்றன. திருப்பூருக்கு வேண்டிய பதில் இவை எதிலும் முழுமையாக இல்லை. ஏனென்றால் இங்கே குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் போலவே, அது எந்தக் கதவில் போய் முட்டுகிறது என்பதும் முக்கியம்.

ஒரு டி-ஷர்ட்டின் வழியை நினைத்துப் பாருங்கள். நூற்பாலை, நிட்டிங், சலவை, சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பல இடங்களில் ஒவ்வொன்றும் தனித்தனி யூனிட், தனித்தனி முதலாளி, ஜாப் ஒர்க். பிராண்டின் பெயர் ஒட்டியிருப்பது கடைசிக் கண்ணியில். ஸ்டாக்ஹோமிலோ நியூயார்க்கிலோ ஒருவர் கோபப்பட்டால், அது பிராண்டை எட்டும், பிராண்டிடமிருந்து ஏற்றுமதியாளரை எட்டும், அவருடைய ‘மெயின் யூனிட்’ வரை வரும். அதற்குக் கீழே இறங்க இறங்க வலு குறைந்துகொண்டே போகும்.

சுமங்கலித் திட்டத்தின் கதை இதற்குச் சாட்சி. வறண்ட தென்மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பெண்களை, அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், மூன்று ஆண்டு நூற்பாலையில் வேலைக்கு எடுத்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு. இடையில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனால் தொகை போயிற்று. வெளியே போகத் தடை, போனுக்குத் தடை, இரவு ஷிப்ட். உள்ளூர் அமைப்புகள் வருடக்கணக்கில் திரட்டிய வாக்குமூலங்களை வைத்து 2011இல் சோமோ என்ற நெதர்லாந்து ஆய்வு நிறுவனமும் அந்நாட்டின் இந்தியக் குழு என்ற அமைப்பும் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவில் பெரும் பரபரப்பு எழுந்தது. பிராண்டுகள் அறிக்கைகள் விட்டன, கூட்டமைப்புகள் உருவாயின, நடத்தை விதிகள் எழுதப்பட்டன. அதே இரு அமைப்புகளும் 2014இல் திரும்ப வந்து ஐந்து ஆலைகளை ஆராய்ந்தபோது, விடுதியில் அடைத்துவைப்பதும் நீண்ட வேலை நேரமும் ஒப்பந்தமே இல்லாத வேலையும் தொடர்ந்தன. சுமங்கலி என்ற பெயர் தேய்ந்துபோய் ‘கேம்ப் கூலி’ என்ற பெயர் புழக்கத்தில் இருந்தது. பிராண்ட் தன் ஆடையைத் தைப்பவரிடம் கணக்குக் கேட்கும். நூல் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதைப் பல பிராண்டுகள் தாங்களே அறிந்திருக்கவில்லை. ஆலைக்குள் சங்கம் இல்லை. வெளியே எழுந்த சத்தத்தை உள்ளே பிடித்து இழுக்க ஆள் இல்லை.

ஆடிட் என்ற சமூகத் தணிக்கையும் இந்த இடத்தை நிரப்பவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் ஆடிட்டருக்கு என்ன சொல்லவேண்டும் என்று பயிற்சி கொடுத்துவைக்கும் வழக்கத்தைத் தொழிலாளர்கள் எல்லோரும் அறிவார்கள். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு 2012 ஆகஸ்டில் சர்வதேசத் தரச்சான்று கிடைத்தது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்ததில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நூற்பாலைகளில் நடக்காத ஒன்று, பத்தாண்டுக்குப் பிறகு ஒரு தையல் ஆலையில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கத்தில் இருக்கும் நாச்சி அப்பேரல், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆலை. 2021 ஜனவரியில் அங்கே வேலைபார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். அந்த ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். கொலைக்கு முன்பே அவர் அந்தப் பெண்ணுக்குத் தொல்லை கொடுத்துவந்தார் என்று குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். கொலையுண்ட பெண்ணின் பெயரோடு நீதி கேட்கும் ஹேஷ்டேக் உலகெங்கும் சுற்றியது. அந்தப் பெயரை இங்கே எழுதாமல் விடுவதே அவருக்குத் தரும் மரியாதை என்று கருதுகிறேன்.

இதுவரை பழகிய கதைதான். அடுத்து வருவது பழகாதது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. 2013இல் தொடங்கிய, பெண்களே முன்னின்று நடத்தும் சங்கம்; பெரும்பான்மை உறுப்பினர்கள் தலித் பெண்கள்; தலைவர் திவ்யராகினி. அந்தப் பெண் இறந்தபோது பேச ஓர் அமைப்பைப் புதிதாகக் கட்டவேண்டியிருக்கவில்லை. லைனில் சூப்பர்வைசர் என்ன பேசுவார், எங்கே தொடுவார், எதிர்த்தால் டார்கெட்டை எப்படி ஏற்றுவார் என்று வாக்குமூலம் தர, பயந்துகொண்டேனும், பெண்கள் முன்வந்தது சங்கத்தை நம்பி. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணியும் அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் அதை வெளியே கொண்டுபோயின. வெளியே எழுந்த சத்தத்துக்கு இந்தமுறை ஒரு குறிப்பான கோரிக்கை இருந்தது: இரங்கல் வேண்டாம், கையெழுத்து வேண்டும்.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஈஸ்ட்மேனும் சங்கமும் இரு துணை அமைப்புகளும் ஒரு பக்கம். ஹெச் அண்ட் எம், கேப், பிவிஹெச் ஆகிய மூன்று பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படும் உறுதிமொழியோடு இன்னொரு பக்கம். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் தன் வணிகத்தைக் கொண்டு ஆலையைக் கேள்வி கேட்கவேண்டும். பிராண்ட் கடமை தவறினால் சங்கம் நடுவர் தீர்ப்புக்கு இழுக்கலாம். லைனில் வேலைசெய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று, நடப்பதைக் கவனித்து, புகாரை மேலே கொண்டுபோகவேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. சாதியைச் சொல்லியோ, வெளி மாநிலத்தவர் என்பதாலோ பாகுபாடு காட்டுவதும் ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வருகிறது. பாலினவழி வன்முறைக்கு எதிராகப் பிராண்டுகளைக் கட்டுப்படுத்தும் இப்படியொரு ஒப்பந்தம் ஆசியாவில் இதுவே முதல். உலகில், 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஏற்பட்டதற்கு அடுத்தது. முதலாண்டு முடிவில் ஒப்பந்தத் தரப்பினர் வெளியிட்ட அறிக்கை, பதிவான 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டதாகச் சொல்கிறது. புகார்கள் குவிந்தன என்பதை ஆலை மோசம் என்று வாசிப்பது தவறு. வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற இடத்தில் 185 பேச்சுகள் எழுந்தன என்பதே எனக்குப் பெரிய செய்தி.

நடுவில் ஒரு சோதனையும் வந்தது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலை இறுதியில் நாச்சி அப்பேரலின் சரக்கைத் தடுத்து நிறுத்த உத்தரவிட்டது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதையும் குறைகள் சரிசெய்யப்பட்டதையும் காட்டிய பிறகு செப்டம்பர் தொடக்கத்தில் தடை விலகியது. சரக்கு தடைபட்டால் கூலியும் தடைபடும். தூரத்துத் தண்டனை தொழிலாளியின் தலையிலும் விழும் என்பதை நொய்யல் ஏற்கெனவே காட்டியிருந்தது. இங்கே அந்தத் தண்டனையை நாற்பது நாளுக்குள் விலக்கவைக்க உள்ளே இயங்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. திண்டுக்கல்லையும் 2011இன் திருப்பூரையும் பிரிப்பது அதுதான்.

வங்கதேசத்தின் அனுபவமும் இதே வழியில் போகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட சில வாரங்களில், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிராண்டுகளை மிரளவைத்தது லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட இணைய மனுக்கள் என்றால், மிரட்சி மறைவதற்குள் நீட்டக் காகிதத்தைத் தயாராக வைத்திருந்தவை உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி, தைத்து முடித்த ஆர்டர்களுக்கே பணம் தர மறுத்த பிராண்டுகளை ‘பே அப்’ என்ற ஹேஷ்டேக் பணியவைத்ததும் அப்படித்தான். கடன்காரர் யார், பாக்கி எவ்வளவு, யாருக்குத் தரவேண்டும் என்பதெல்லாம் பட்டியலாக இருந்தன. பட்டியல் இருந்த இடத்தில் இணையம் வேலை செய்தது.

ஆனால் பிராண்டே இல்லாத இடத்தில்? திருப்பூரில் தைப்பதெல்லாம் கப்பலேறுவதில்லை. உள்நாட்டுச் சந்தைக்கான பனியனும் ஜட்டியும் இங்கே பெரும் தொழில். காதர்பேட்டையில் மொத்தமாக வாங்கிப்போகும் வியாபாரியிடம் நடத்தை விதி கேட்டு எந்த ஐரோப்பிய மாணவரும் பதிவு போடப் போவதில்லை. இந்தப் பகுதியில் கூலியை நிர்ணயிப்பது பழைய முறைதான்: சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் உட்கார்ந்து போடும் சம்பள ஒப்பந்தம். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் நினைவு அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறது. 2021 ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 32 விழுக்காடு உயர்வு தந்தது. முதலாண்டில் 19, பிறகு 5, 4, 4. கட்சி வேறுபாடு பாராமல் சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து வாங்கியது. அதே சமயம், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கும் கான்ட்ராக்டரின் கீழ் பவர் டேபிளில் உட்காருபவருக்கும் கைமடி வேலைக்கு வரும் பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளைஞருக்கும் இத்தகைய ஒப்பந்தம் முழுதாகப் போய்ச்சேர்வதில்லை என்பதைத் தொழிற்சங்கத்தாரே சொல்வார்கள். வடமாநிலத் தொழிலாளர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவருவதில் இந்த ஊர்ச் சங்கங்கள் பின்தங்கியிருக்கின்றன. 2023இல் வதந்தி அவ்வளவு வேகமாக ஓடியதற்கு இதுவும் காரணம். சங்கத்தில் இருக்கிற பீகார் தொழிலாளிக்கு, யூடியூபைத் தவிர விசாரித்துத் தெரிந்துகொள்ள இன்னொரு ஆள் இருந்திருப்பார்.

சிறு யூனிட்டுகளுக்கென்று சட்டம் ஒரு கதவை வைத்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைவான இடத்திலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கிராமப்புறத்தில் வட்டாரத்துக்கும் வட்டத்துக்கும், நகரத்தில் வார்டுக்கும், புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் அந்தக் குழுவிடம் சேர்க்கும் பொறுப்பு அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும். இவை பல இடங்களில் காகிதத்தில்கூட இல்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட அலுவலரை நியமித்து 2025 ஜனவரி 31க்குள் உள்ளூர்க் குழுக்களை அமைக்கும்படி 2024 டிசம்பரில் ஆணையிட்டது. ‘ஷீ-பாக்ஸ்’ என்ற அரசு இணையதளத்தில் போனிலிருந்தே புகார் பதியலாம். இங்கே இணையம் விளம்பரப் பலகையாக இல்லாமல் மனு வாங்கும் மேசையாக இருக்கிறது. போயம்பாளையத்திலோ வேலம்பாளையத்திலோ ஆறு மெஷின் போட்ட ஒரு யூனிட்டில் உட்கார்ந்திருக்கும் பெண், தன் பகுதியின் பொறுப்பு அதிகாரி யார், எங்கே உட்கார்கிறார் என்று தெரிந்துவைத்திருக்கவேண்டும். அந்தப் பெயரையும் அலுவலக முகவரியையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, யூனிட் யூனிட்டாக ஒட்டி, ஒட்டியதைக் கிழித்தால் மறுபடி ஒட்டவேண்டும். அதற்கு வேண்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமையை விட்டுத்தரும் நாற்பது ஐம்பது பேர்.